எந்த நாட்டுச் சந்தா? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் திருச்சிக்காரி. கோலாலம்பூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கணக்குத் தணிக்கை எனக்குத் தொழில். அதனால் கட்டடத்தில் புதிதாகக் குடிவரும் தம்பி தங்கைகள், ‘அக்கா, கார்டிலிருந்து ரெண்டு தடவை பணம் போயிருக்கு, என்னன்னு பாருங்களேன்’ என்று கைப்பேசியோடு வந்து நிற்பார்கள். பத்தில் எட்டுப் பேருக்குச் சிக்கல் சந்தாவில்தான். ஊரில் கட்டிய சந்தா இங்கே வேலை செய்யாது. இங்கே கட்டியது அம்மாவுக்குப் போய்ச் சேராது. இரண்டுக்கும் பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். மலேசியத் தமிழர் வழக்கப்படி ரிங்கிட்டை வெள்ளி என்றே எழுதுகிறேன். எனக்கும் அதுதான் பழகிவிட்டது.

ஒரே நிறுவனம், ஒரே படம். நாட்டுக்கு நாடு விலை ஏன் மாறுகிறது?

இது புதுப் பழக்கம் இல்லை. தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய மாத இதழ் ஒன்றைப் புரட்டினால் ‘ஆண்டுச் சந்தா’ என்று போட்டு, உள்நாட்டுக்கு ஒரு தொகையும் வெளிநாட்டுக்கு ஒரு தொகையும் தனித்தனியாக இருக்கும். அன்றைக்கு அந்த வித்தியாசம் தபால் செலவு. இன்றைக்குத் தபால் இல்லை, ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது. அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, அந்த ஊர் மக்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற கணக்கு. 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் கைப்பேசிக்கு மட்டுமான திட்டத்தை மாதம் 199 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசியாவில் அதே வகைத் திட்டம் 17 வெள்ளிக்கு வந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் 199 ரூபாய் என்பது ஏறக்குறைய 12 வெள்ளிதான். 2021 டிசம்பரில் இந்தியாவில் அந்தத் திட்டத்தை 149 ரூபாயாகவும், 499 ரூபாயாக இருந்த அடிப்படைத் திட்டத்தை 199 ரூபாயாகவும் குறைத்தார்கள். அங்கே போட்டி கடுமை, வாடிக்கையாளரும் காசு பார்த்துச் செலவழிப்பவர். மலேசியாவில் அந்த அளவுக்குக் குறைக்க வேண்டிய நெருக்கடி அப்போது அவர்களுக்கு இல்லை.

இரண்டாவது, உரிமை. படமோ கிரிக்கெட்டோ, ஒளிபரப்பு உரிமையை உலகம் முழுவதற்கும் சேர்த்து ஒருவருக்கே விற்பது குறைவு. இந்தியாவுக்கு ஒருவர், மலேசியாவுக்கு இன்னொருவர் என்று பிரித்து விற்பார்கள். ஊரில் ஒரு ஆப்பில் ஓடும் தமிழ்ப் படம் இங்கே வேறு ஆப்பில் இருக்கும், அல்லது எதிலுமே இருக்காது. மூன்றாவது காரணம் வரி. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்று அவர்கள் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் கடப்பிதழ் எந்த நாட்டுடையது என்று இவர்களில் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு சேவையும் தனக்கென்று ஒரு அடையாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒன்று உங்கள் கார்டைக் கொடுத்த வங்கி எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கும். ஒன்று ஆப் ஸ்டோரில் நீங்கள் பதிந்த நாட்டைப் பார்க்கும். ஒன்று இந்த நொடியில் உங்கள் இணைய இணைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும். ஒன்று வீட்டு முகவரியைக் கேட்கும். கோலாலம்பூருக்கு வந்து மூன்று மாதமான ஒருவருக்கு இந்த நான்கும் நான்கு விதமாக இருக்கும். கார்டு இந்தியா, ஸ்டோர் இந்தியா, இணைப்பு மலேசியா, முகவரி பாதி அங்கே பாதி இங்கே. வருகிற குழப்பம் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சட்டமும் இதே வழியில்தான் யோசிக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் மின்னியல் சேவைகளுக்கு மலேசியா 2020 ஜனவரி 1 முதல் சேவை வரி போடுகிறது. வாங்குபவர் மலேசியாவில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள மூன்று அடையாளங்கள்: மலேசிய வங்கியின் கார்டிலோ கணக்கிலோ பணம் கட்டுவது, மலேசிய ஐபி முகவரியையோ (இணைய இணைப்பின் அடையாள எண்) மலேசியக் கைப்பேசி எண்ணின் நாட்டுக் குறியீட்டையோ பயன்படுத்துவது, மலேசியாவில் வசிப்பது. மூன்றில் இரண்டு பொருந்தினால் போதும். இந்தியாவின் ஜிஎஸ்டி சட்டத்தில் இதே வேலைக்கு ஏழு அடையாளங்கள் உண்டு. முகவரி, கார்டு, பில் முகவரி, ஐபி, வங்கி, சிம் கார்டின் நாட்டுக் குறியீடு, வீட்டுத் தொலைபேசி. அங்கேயும் ஒன்றோடொன்று முரண்படாத இரண்டு பொருந்தினால் போதும்.

ஆகவே ஒரு சந்தா முரண்டு பிடித்தால் உடனே வாடிக்கையாளர் சேவைக்கு எழுதாதீர்கள். இது நான்கில் எதைப் பார்க்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைத்துவிடும்.

வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. ஊரில் கட்டிய சந்தாக்களை எல்லாம் நிறுத்திவிடவா?

வேண்டாம். அவசரப்பட்டு நிறுத்தியவர்கள்தான் பிறகு திண்டாடுகிறார்கள். முதலில் உள்ளூர்க் கைப்பேசி எண், அடுத்து வேலை அனுமதி வந்ததும் வங்கிக் கணக்கு, அதற்கும் பிறகுதான் சந்தா. மலேசியக் கார்டோ வேறு மலேசியக் கட்டண முறையோ கையில் வராமல் ஸ்டோரின் நாட்டை மாற்றுவது கடினம்.

காத்திருக்கும் நாட்களில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கடந்த மூன்று மாத வங்கி அறிக்கையையும் கார்டு அறிக்கையையும் திறந்து, தானாகப் போகும் ஒவ்வொரு தொகையையும் எழுதுங்கள். பக்கத்தில், அதை எந்த வழியாகக் கட்டினீர்கள் என்றும் எழுதுங்கள்: நிறுவனத்தின் தளத்தில் நேரடியாகவா, ஆப்பிள் வழியாகவா, கூகுள் வழியாகவா, கைப்பேசி பில்லோடு சேர்ந்தா. இந்த இரண்டாவது விவரம் முக்கியம். ஆப்பிள் வழியாகச் சேர்ந்த சந்தாவை ஆப்பிளில்தான் நிறுத்த முடியும். ஆப்பைக் கைப்பேசியிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டே இருக்கும். பல வருடம் ஐடி வேலை பார்த்தவர்கள்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள்.

எங்கள் சமையலறையில் ஒரு தினசரி காலண்டர் தொங்குகிறது. ஆண்டுச் சந்தா புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்னதாக உள்ள தாளில், ராகு காலம் போட்டிருக்கும் வரிக்குக் கீழே நீலப் பேனாவில் சேவையின் பெயரை எழுதி வைத்துவிடுவேன். காலையில் தாளைக் கிழிக்கும்போது கண்ணில் படும். கைப்பேசி நினைவூட்டலைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். இதை அப்படித் தள்ள முடிவதில்லை.

ஆப்பிளில் நாட்டை மாற்றப் போனால் முடியாது என்கிறது. என்ன செய்வது?

ஆப்பிள் மூன்று நிபந்தனை வைக்கிறது. கணக்கில் மீதிப் பணம் இருக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் சந்தாக்களை நிறுத்தி, அவற்றின் காலமும் முடிந்திருக்க வேண்டும். குடும்பப் பகிர்வில் இருந்தால் அதிலிருந்து விலக வேண்டும். இவை முடிந்த பிறகு புது நாட்டில் செல்லுபடியாகும் கட்டண முறையைக் கொடுக்க வேண்டும்.

முதல் நிபந்தனையில்தான் எல்லோரும் மாட்டுகிறார்கள். 2022-இல் ஆப்பிள் இந்தியாவில் வங்கிக் கார்டுகளை ஏற்பதை நிறுத்தியபோது, யுபிஐ (இந்திய வங்கிகளின் கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறை) வழியாக ஆப்பிள் கணக்கிலேயே பணம் போட்டு வைக்கும் பழக்கம் பலருக்கு வந்தது. கீழ்மாடித் தம்பி ஒருவருக்கு அப்படி 37 ரூபாய் மிஞ்சியிருந்தது. 37 ரூபாய்க்கு வாங்க எதுவும் இல்லை, இருக்கும்வரை நாடும் மாறாது. இப்படிச் சிறு தொகை மட்டும் தங்கிவிட்டால் ஆப்பிள் உதவிப் பிரிவுக்கு எழுதினால் நீக்கித் தருவார்கள். அந்தத் தம்பிக்கும் அப்படித்தான் தீர்ந்தது.

ஆனால் உண்மையில் நாட்டை மாற்ற வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். மாற்றிவிட்டால் இந்திய ஸ்டோரில் மட்டும் இருக்கும் சில ஆப்களைப் புதிதாக இறக்கவோ புதுப்பிக்கவோ முடியாமல் போகலாம். நான் சொல்லும் வழி இது. பழைய கணக்கு ஐகிளவுடுக்கு அப்படியே இருக்கட்டும். புகைப்படம், தொடர்பு எண்கள் எல்லாம் அதிலேயே இருக்கும். மலேசிய முகவரியில் இரண்டாவது ஆப்பிள் கணக்கு ஒன்று திறந்து, அமைப்புகளில் ‘மீடியா, வாங்குதல்’ பகுதியில் மட்டும் அதைப் போடுங்கள். ஆப்பிள் இதை அனுமதிக்கிறது. தேவைப்படும்போது அந்தப் பகுதியில் மட்டும் ஒரு கணக்கிலிருந்து வெளியேறி இன்னொன்றில் நுழையலாம். கொஞ்சம் அலுப்புதான், ஆனால் எதையும் இழக்க மாட்டீர்கள்.

கூகுள் பிளே?

இது எளிது, ஒரு எச்சரிக்கையைத் தவிர. நாட்டை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். மாற்றினால் பழைய நாட்டு மீதி அங்கேயே தங்கிவிடும், புது நாட்டில் செலவழிக்க முடியாது. அவசரத்தில் ஒரு ஆப்புக்காக மாற்றிவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது திரும்ப மாற்ற முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்திய நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இங்கேயும் ஓடுகிறதே. அப்படியே விட்டுவிடலாமா?

ஓடும். பில், நீங்கள் சந்தாவில் சேர்ந்த நாட்டு விலையில் வரும்; படங்களின் பட்டியல் நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்து மாறும். இந்தியக் கணக்கு என்பதற்காக இந்தியப் பட்டியல் இங்கே தெரியாது. விடுமுறைக்கு வந்தவர்களுக்கு இது போதும். குடியேறிவிட்டால் முறையாக மாற்றிக்கொள்வதுதான் சரி. அதற்கு ‘நாட்டை மாற்று’ என்று ஒரு பொத்தான் இல்லை. சந்தாவை நிறுத்த வேண்டும், கட்டிய காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும், பிறகு இங்கிருந்தபடி மறுபடி சேர வேண்டும். பத்து மாதத்துக்குள் திரும்பிச் சேர்ந்தால் பழைய விருப்பப் பட்டியலும் பார்த்த வரலாறும் அப்படியே இருக்கும். ஒரு தொடரின் ஏழாவது பாகத்தில் நிற்கிறேனே என்று பயப்பட வேண்டாம்.

அமேசான் பிரைம்?

பெயர் ஒன்று, பொருள் இரண்டு. இந்தியாவில் பிரைம் என்றால் வீட்டுக்குச் சாமான் இலவசமாக வருவது, படம், பாட்டு எல்லாம் சேர்ந்தது. ஆண்டுக்கு 1,499 ரூபாய். மலேசியாவுக்கென்று அமேசான் கடை கிடையாது. இங்கே கிடைப்பது படம் பார்க்கும் பிரைம் வீடியோ மட்டும்தான். இந்திய பிரைமோடு இங்கே வந்தால், வெளிநாட்டில் இருக்கும்போது பார்க்கலாம் என்று அவர்கள் ஒதுக்கிய குறைவான பட்டியல் தெரியும். அம்மா அப்பாவுக்கு ஊரில் மருந்தும் மாவும் ஆர்டர் போடுபவராக இருந்தால் இந்திய பிரைமை வைத்துக்கொள்ளுங்கள், அதற்கே அது பெறும். படத்துக்காக மட்டும் என்றால் அதை விட்டுவிட்டு இங்கத்தியதை எடுங்கள். படமும் கிரிக்கெட்டும் காட்டும் இந்தியச் சேவையான ஜியோஹாட்ஸ்டாரின் சந்தாவும் இங்கே உதவாது. 2025 பிப்ரவரியில் இரண்டு சேவைகள் ஒன்றாகி உருவான அது, இந்திய உரிமைகளை நம்பி நடக்கிறது.

ஸ்பாட்டிஃபையும் யூடியூப் பிரீமியமும்?

ஸ்பாட்டிஃபையை இலவசமாகக் கேட்பவர் வெளிநாட்டில் 14 நாள்வரைதான் பழைய கணக்கோடு கேட்க முடியும், பிறகு நாட்டை மாற்றச் சொல்லும். பணம் கட்டுபவருக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் நாட்டை மாற்ற விரும்பினால் அந்த நாட்டுக் கட்டண முறை வேண்டும். யூடியூப் பிரீமியத்துக்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

விபிஎன் (இணைப்பு வேறு நாட்டிலிருந்து வருவதாகக் காட்டும் வசதி) போட்டு மலிவான நாட்டில் சந்தா வாங்கினால் என்ன தப்பு? எல்லோரும் செய்கிறார்களே.

செய்கிறார்கள், தெரியும். செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். 2024 ஜூனில் யூடியூப் இப்படி வாங்கிய பிரீமியம் சந்தாக்களை ரத்து செய்யத் தொடங்கியது. பதிந்த நாடும் பார்க்கும் நாடும் பொருந்தவில்லை என்றால் அவர்களால் கண்டுபிடிக்க முடிகிறது. சந்தா போனால் போகட்டும். அந்தக் கூகுள் கணக்கில்தான் உங்கள் பத்து வருட மின்னஞ்சலும் குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களும் இருக்கின்றன. ஐந்து வெள்ளியை மிச்சம் பிடிக்க அந்தக் கணக்கின் மேல் சந்தேகம் விழ வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் ஊரில் வாழ்ந்தபோது நேர்மையாக வாங்கிய இந்தியச் சந்தா வேறு, போகாத நாட்டில் இருப்பதாகச் சொல்லி வாங்குவது வேறு. முதலாவது காலம் முடியும்வரை ஓடட்டும்.

அம்மா திருச்சியில், நான் இங்கே. ஒரே குடும்பச் சந்தாவில் இருக்கலாமா?

இதைக் கேட்கும்போது எனக்கு என் அம்மாவின் குரல்தான் நினைவுக்கு வருகிறது. 2023-இல் ஒரு நாள் இரவு இங்கே பத்து மணி, ஊரில் ஏழரை. ‘ஏண்டி, டிவில என்னமோ எழுதியிருக்கு, இது உங்க வீடு இல்லைங்குது. அப்ப யாரு வீடு இது?’ என்று கேட்டார். கோபம் இல்லை, உண்மையாகவே புரியவில்லை. முப்பது வருடமாக அவர் இருக்கும் வீடு அது. நெட்ஃபிளிக்ஸ் அந்த ஆண்டு மே மாதம் மலேசியாவிலும் ஜூலையில் இந்தியாவிலும் ‘ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு’ என்ற விதியைக் கொண்டுவந்திருந்தது. கணக்கு என் பெயரில், வீடு என்று பதிவானது பிரிக்ஃபீல்ட்ஸ். கூடுதல் உறுப்பினராக அம்மாவைச் சேர்க்கலாம் என்று பார்த்தேன். கூடுதல் உறுப்பினரும் கணக்கு தொடங்கிய நாட்டிலேயே இருக்க வேண்டுமாம். கடைசியில் அவருக்கு இந்தியாவில் தனிச் சந்தா எடுத்துக் கொடுத்தேன். அங்கத்திய விலைக்கு அதுவே மலிவாக முடிந்தது.

மற்றவையும் ஏறத்தாழ இதே கதை. ஆப்பிள் குடும்பப் பகிர்வுக்கு எல்லோரும் ஒரே நாட்டு ஸ்டோரில் இருக்க வேண்டும். கூகுள் குடும்பக் குழுவும் ஒரே நாடு. யூடியூப் குடும்பத் திட்டமும் ஸ்பாட்டிஃபை குடும்பத் திட்டமும் ஒரே முகவரியையே கேட்கின்றன. நம் வழக்கில் குடும்பம் என்றால் துபாயில் இருக்கும் தம்பியும் திருச்சியில் இருக்கும் அம்மாவும் சேர்ந்தது. இவர்கள் கணக்கில் குடும்பம் என்றால் ஒரு கூரைக்குக் கீழே இருப்பவர்கள். அதைப் புரிந்துகொண்டு, பெற்றோருக்கு அவர்கள் நாட்டிலேயே அவர்கள் பெயரில் சந்தா எடுத்து, பணத்தை மட்டும் நீங்கள் அனுப்புங்கள்.

இந்தியக் கார்டில் போட்ட சந்தா ஒவ்வொரு மாதமும் தடுக்கப்படுகிறது. ஏன்?

இந்திய ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் தானியங்கிக் கட்டணங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்தது. முதல் முறை நீங்கள் ஓடிபி கொடுத்துப் பதிய வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பாக வங்கி தகவல் அனுப்ப வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. முதலில் இந்த வரம்பு 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் உயர்த்தினார்கள். வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கட்டும் பணத்துக்கும் இது பொருந்தும். முறையாகப் பதியாத சந்தா தடைபடும்.

இதற்கு அடியில் இருக்கும் சிக்கல், இந்திய சிம். ஓடிபி வர அது உயிரோடு இருக்க வேண்டும். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத முன்கட்டண எண்ணை நிறுவனம் துண்டித்துவிடலாம். என் பழைய சிம்மை முதல் ஆண்டு ஏலக்காய் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தேன், பத்திரமாக இருந்தபடியே எண் செத்துப்போனது. அந்த எண்ணில் இருந்த வங்கியையும் மின்னஞ்சலையும் மீட்க ஊருக்கே போக வேண்டியிருந்தது. உங்கள் கைப்பேசியில் இரண்டாவது சிம்முக்கு இடம் இருந்தால் அதிலேயே போட்டு வையுங்கள், ரீசார்ஜ் தவறவிடாதீர்கள். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெறுவதற்குப் பெரும்பாலும் காசு இல்லை. அழைப்பை எடுத்தால் காசு போகும்.

வெளிநாட்டில் குடியேறியதும் இந்தியச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும் என்பதும் விதி. மாற்றும்போது பழைய கார்டில் பதிந்த சந்தாக்கள் நிற்கலாம், சந்தாக்களைப் பட்டியல் போட்டீர்களே, அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வங்கிக்கு எழுதுங்கள். வெளிநாட்டு எண்ணோடு யுபிஐ பயன்படுத்தும் வசதி 2023-இல் பத்து நாடுகளோடு தொடங்கி, பிறகு மலேசியாவையும் சேர்த்துக்கொண்டது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

பில்லில் எட்டு விழுக்காடு கூடுதலாகப் போடுகிறார்கள். இது என்ன?

மேலே சொன்ன சேவை வரி. 2020-இல் 6 விழுக்காடாகத் தொடங்கியது, 2024 மார்ச் 1 முதல் 8. மலேசியாவில் ஆண்டுக்கு 500,000 வெள்ளிக்கு மேல் விற்கும் வெளிநாட்டு மின்னியல் நிறுவனங்கள் இதை வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும். ஏமாற்று இல்லை. விலையை ஒப்பிடும்போது மட்டும் கவனம். சில இடங்களில் வரி சேர்த்த விலையைக் காட்டுவார்கள், சில இடங்களில் கடைசிப் பக்கத்தில் சேர்ப்பார்கள். இந்தியாவில் இதற்கு இணையான ஜிஎஸ்டி 18 விழுக்காடு. சிங்கப்பூரில் 2024 முதல் 9.

தமிழ் நிகழ்ச்சிகள்தான் வேண்டும். எதைக் கட்டுவது?

வீட்டில் பெரியவர்கள் தொடர் பார்ப்பவர்களாக இருந்தால் மலேசியாவின் கட்டணத் தொலைக்காட்சியான அஸ்ட்ரோவை முதலில் பாருங்கள். சன் டிவி போன்ற ஊர் அலைவரிசைகளோடு வானவில், விண்மீன் என்று மலேசியத் தமிழர்களுக்கான சொந்த அலைவரிசைகளும் அதில் உண்டு. ஒப்பந்தக் காலம் எத்தனை மாதம் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வானொலிக்குக் காசே வேண்டாம், மின்னல் எஃப்எம் இருக்கிறது. காலையில் அதைக் கேட்டுக்கொண்டே பசியாறப் பழகினால் இந்த ஊர்த் தமிழும் தானாக நாக்கில் வந்துவிடும்.

உடற்பயிற்சிக் கூடம் மாதிரி நேரில் போகும் உறுப்பினர் சந்தா?

இதில் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். ஊரைவிட்டு வரும்போது ஒரு உடற்பயிற்சிக் கூடத்தில் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். ‘சரி மேடம்’ என்றார்கள். பதினொரு மாதம் பணம் போனது. கேட்டபோது, எழுத்தில் கொடுக்கவில்லையே என்றார்கள். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் அது அப்படித்தான் இருந்தது. நிறுத்துவதை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டோம் என்று பதில் வாங்குங்கள், அதைப் படம்பிடித்து வையுங்கள்.

இங்கே சேரும்போது, வேலை அனுமதி எத்தனை மாதத்துக்கு இருக்கிறதோ அதைவிட நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள். இணைய இணைப்புக்கு 24 மாத ஒப்பந்தம் சாதாரணம், வெளிநாட்டவரிடம் முன்பணமும் கேட்பார்கள். வேலை மாறி நாட்டைவிட்டுப் போக நேர்ந்தால் என்ன தண்டம் என்று அப்போதே கேளுங்கள். மலேசியாவில் உள்ள நிறுவனம் ஏமாற்றினால் நுகர்வோர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். உங்களிடம் தாள் இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும்.

மகன் ஸ்டீமில் விளையாட்டு வாங்குகிறான். அதற்கும் நாடு உண்டா?

உண்டு. நாட்டை மாற்றப் புது நாட்டுக் கட்டண முறை வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்ற முடியாது.

நாங்கள் மலேசியர்கள். மகள் மருத்துவம் படிக்கச் சென்னை போகிறாள். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே தலைகீழாகப் பொருந்தும். விடுமுறை தவிர மற்ற நாளெல்லாம் அவள் அங்கேதான் என்பதால் இந்திய எண், இந்தியக் கணக்கு வந்ததும் படம், பாட்டுச் சந்தாக்களை அங்கேயே எடுக்கட்டும், மலிவும்கூட. மலேசிய ஸ்டோர்க் கணக்கை மட்டும் மூட வேண்டாம், வங்கி ஆப்புக்கு வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் ஜொகூர் திரும்புகிறவர்களுக்கு என் யோசனை, தொலைக்காட்சி எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த நாட்டில் சந்தா.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. ஜெர்மனியில் பணம் கட்டியவர் இத்தாலிக்குச் சிறிது காலம் போனால் ஜெர்மனியில் பார்த்ததையே அங்கேயும் பார்க்கலாம், நிறுவனம் மறுக்க முடியாது. நம் பக்கத்து நாடுகளுக்கு இடையே அப்படி ஒன்று வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். தினமும் ஜொகூர் பாலத்தைக் கடக்கும் அத்தனை பேருக்கும் அது உதவும்.

மலேசியாவை விட்டுக் கிளம்புகிறேன். எதை முதலில் மூடுவது?

சந்தாவை முதலில், வங்கியை அதற்குப் பின், கைப்பேசி எண்ணைக் கடைசியில். பலரும் எண்ணை முதலில் மூடிவிட்டு, ஓடிபி வராமல் வங்கிக் கணக்கை மூட முடியாமல் நிற்கிறார்கள். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். கடைசி பில்லும் வாடகை முன்பணமும் வந்து சேரும்வரை எண்ணை மலிவான முன்கட்டணத் திட்டத்துக்கு மாற்றி உயிரோடு வைத்திருங்கள். டச் என் கோ மின்பணப்பையில் இருக்கும் மீதியை மலேசிய வங்கிக் கணக்கு திறந்திருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.